சுரங்கத் தண்ணி பிஎச் ஸ்பாட்ல 6.2, லேப்ல 3.2. யாரு மீட்டர் பொய் சொல்லுது?

நீர்க்குமிழி22:

வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட்டுக்காக, மூடிப்போன ஒரு கரிச்சுரங்கத்துலருந்து வர்ற தண்ணி பக்கத்து ஆத்தை என்ன பண்ணுதுன்னு பாத்துட்டிருக்கேன். மூணு மாசமா நல்லாதான் போச்சு, இப்ப ஒரு நம்பர்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

சுரங்க வாய்ல தண்ணி கண்ணாடி மாதிரி வருது, கையில ஏந்திப் பாத்தா குடிச்சிரலாம்னு தோணும் (குடிக்கல), அங்கயே மீட்டர் வச்சுப் பாத்தேன் பிஎச் 6.2, சரி பரவால்லயேன்னு நினைச்சேன். ஒன்றரை கிலோமீட்டர் கீழ போனா அதே ஓடை ஆரஞ்சு கலர், கல்லு வேரு விழுந்த கிளை எல்லாத்து மேலயும் துருவைக் குழைச்சுப் பூசி வச்ச மாதிரி இருக்கு, அங்க பிஎச் 3.6. நடுவுல ஃபேக்டரி இல்ல, சாக்கடை இல்ல, சுரங்கக் கழிவு மண்மேடு ஒண்ணு ஓரமா இருக்கு அவ்வளவுதான். அப்ப அந்த ஆசிட் எங்கருந்து வந்துச்சு?

இதுல இன்னொரு கூத்து. சுரங்க வாய் சாம்பிளை அரை பாட்டில் எடுத்துட்டு வந்து லேப்ல குடுத்தேன், அங்க வேலை அதிகம்னு பத்து நாள் கழிச்சுதான் பாத்தாங்க, ரிப்போர்ட்ல பிஎச் 3.2, இரும்பு லிட்டருக்கு 38 மில்லிகிராம். 6.2 எங்க, 3.2 எங்க! கைட் சார் பாத்துட்டு "உன் மீட்டரை கேலிபரேட்டே பண்ணிருக்க மாட்ட, ஃபீல்டு ரீடிங்கைத் தூக்கிப் போட்டுட்டு லேப் நம்பரை வச்சு கிராஃப் போடு"ன்னுட்டார். அன்னைக்குக் காலைல பஃபர் 4, பஃபர் 7 (பிஎச் முன்னாடியே தெரிஞ்ச கரைசல்) ரெண்டுலயும் சரிபாத்துட்டுதான் கிளம்பினேன், சத்தியமா. லேப்ல கேட்டா எங்க மீட்டர் சரியாதான் இருக்குங்கறாங்க.

அப்புறம் அந்த ஓடை ஆத்துல கலக்குற இடத்துல தண்ணிக்கடியில வெள்ளையா, சுண்ணாம்பு கரைச்சு ஊத்தின மாதிரி ஒரு படிவு. அது என்னன்னும் யாராச்சும் சொன்னா புண்ணியமா போகும்.

வேதா_லேப்:

ரெண்டு மீட்டரும் சரி. ஏமாத்தினது உங்க பாட்டில்.

ஒண்ணு கேக்கறேன், லேப்ல குடுக்கும்போது அந்த பாட்டில் அடியில என்ன இருந்துச்சு?

நீர்க்குமிழி22:

அக்கா, எடுக்கும்போது சுத்தமா தெளிவா இருந்துச்சு. மறுநாள் பைக்குள்ள பாக்கும்போதே லேசா மஞ்சளடிச்ச மாதிரி இருந்துச்சு, லேப்ல குடுக்கறப்ப அடியில ஆரஞ்சு கலர்ல மாவு மாதிரி படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சிருந்துச்சு, பாட்டில் கழுத்துல ஒரு பழுப்பு வளையம் வேற. பாட்டில் அழுக்குன்னு நினைச்சேன்.

வேதா_லேப்:

அந்த "அழுக்கு"தான் உங்க ப்ராஜெக்ட்டே 😀

ஒன்றரை கிலோமீட்டர் ஓடைல என்ன நடந்துச்சோ அதே சமாச்சாரம்தான் உங்க பைக்குள்ள பாட்டில்லயும் நடந்திருக்கு. அரை பாட்டில் தண்ணி, மீதி அரை பாட்டில் காத்து. சுரங்கத்துக்குள்ள காத்து படாம கரைஞ்சு கிடந்த இரும்புக்கு ஆக்சிஜன் கிடைச்சதும் துருவா மாறி அடியில உக்காந்துருச்சு, உக்காரும்போது ஆசிட்டை விட்டுட்டு உக்காந்துச்சு, அதான் 3.2. லேப்ல வடிகட்டிட்டு இரும்பு பாத்திருப்பாங்க, அடியில கிடந்தது கணக்குலயே வராது. அதனால அந்த 38ங்கறதும் சுரங்கத் தண்ணியோட நம்பர் இல்ல, பத்து நாள் பழைய பாட்டில் தண்ணியோட நம்பர்.

லேப்காரங்களைத் திட்டாதீங்க, நானும் அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். வர்ற பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் நாங்க சொல்ல முடியும், ஆறு எப்படி இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும். அடுத்த தடவை போகும்போது ஒரே இடத்துல ரெண்டு பாட்டில் எடுங்க. ஒண்ணு உலோகத்துக்கு, அங்கயே 0.45 மைக்ரான்ல வடிகட்டி, சுத்தமான நைட்ரிக் ஆசிட் சொட்டு விட்டு பிஎச் 2க்குக் கீழ கொண்டு போயிருங்க, அப்பதான் இரும்பு கரைஞ்சபடியே நிக்கும். இன்னொண்ணு ஆசிட் எதுவும் விடாம, கழுத்து வரைக்கும் குமிழி இல்லாம நிரப்பி மூடி ஐஸ்ல வைங்க, அது சல்ஃபேட்டுக்கும் அசிடிட்டிக்கும். தப்பித்தவறி ரெண்டையும் மாத்திறாதீங்க, ஆசிட் விட்ட பாட்டிலைக் குடுத்து ஆல்கலினிட்டி (ஆசிட்டை அடக்கற திறன்) எவ்வளவுன்னு கேட்டவங்களையும் பாத்திருக்கேன். பிஎச், வெப்பநிலை, கண்டக்டிவிட்டி, கரைஞ்ச ஆக்சிஜன், ஆல்கலினிட்டி இதெல்லாம் ஓடைக்கரைலயே உக்காந்து பாக்க வேண்டியது, தூக்கிட்டு வர்ற சங்கதி இல்ல.

பழைய_பம்ப்காரன்:

வேதாம்மா சொன்னது நூத்துக்கு நூறு. நான் சுரங்கத் தண்ணி சுத்திகரிப்புல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், இந்த 6.2ல ஏமாந்த ஆளுங்களை நிறைய பாத்தாச்சு, முதல் வருஷம் நானும்தான்.

தம்பி, பிஎச்ங்கறது இப்ப சட்டைப்பையில எவ்வளவு இருக்குங்கற மாதிரி. கரைஞ்சிருக்கற இரும்பு வந்து வெளிய வாங்கி வச்சிருக்கற கடன். பையில இருக்கறதை மட்டும் எண்ணிப் பாத்து ஆள் வசதின்னு சொன்னா எப்படி? சுரங்க வாய்ல கடன்காரன் இன்னும் வரல, ஒன்றரை கிலோமீட்டர்ல வந்துட்டான்.

அந்தக் கடனை கணக்குப் போடலாம். கரைஞ்ச இரண்டாம் நிலை இரும்பு (இன்னும் ஆக்சிஜனோட சேராத Fe2+) ஒரு மில்லிகிராம் துருவாகி விழுந்தா சுமாரா 1.8 மில்லிகிராம் ஆல்கலினிட்டியைத் தின்னுரும் (கால்சியம் கார்பனேட் கணக்குல சொல்றேன், எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க). லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் இரும்புன்னு பாத்து 1.8ஆல பெருக்கு, அலுமினியம் இருந்தா 5.6ஆல, மாங்கனீஸ் இருந்தா 1.8ஆல, எல்லாம் கூட்டு, பிஎச் ரொம்பக் கம்மியா இருந்தா அதுக்கும் கொஞ்சம் சேத்துக்க, அதான் அசிடிட்டி. அதுலருந்து ஆல்கலினிட்டியைக் கழி. மிச்சம் வந்தா அந்தத் தண்ணி என்னைக்காச்சும் ஆசிட் ஆகியே தீரும், இன்னைக்கு மீட்டர் 6 காட்டினாலும் சரி 7 காட்டினாலும் சரி. மிச்சம் வரலன்னா ஆரஞ்சா வேணா ஆகும், புளிப்பாகாது. எங்க ப்ளாண்ட்ல முதல்ல கேக்கற கேள்வியே இதுதான், பிஎச் எத்தனைன்னு அப்புறமாத்தான் கேப்போம்.

அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் அலுமினியம். ஆசிட் தண்ணி மண்மேட்டு ஓரமா போகும்போது களிமண்ணுலருந்து அலுமினியத்தைக் கரைச்சு இழுத்துட்டு வரும், ஆத்துத் தண்ணியோட கலந்து பிஎச் 5 பக்கம் ஏறினதும் அது வெள்ளையா பிரிஞ்சு விழும். இரும்பு ஆரஞ்சு, அலுமினியம் வெள்ளை, மாங்கனீஸ் கறுப்பு, ஆனா மாங்கனீஸ் லேசுல விழாது, பிஎச் 8, 9ன்னு ஏத்தினாதான் அசையும். கலரைப் பாத்தே அந்த இடத்துல பிஎச் எங்க நிக்குதுன்னு ஓரளவு சொல்லிரலாம், மீட்டரை வீட்டுல மறந்துட்டுப் போன அன்னைக்கு உதவும்.

அந்த வெள்ளையை லேசா எடுத்துக்காத. மீனுக்கு ஆரஞ்சை விட அதுதான் எமன். பிஎச் 5 பக்கம் அலுமினியம் செவுள் மேலயே படியும், மூச்சு முட்டும், உடம்புல இருக்கற உப்பு வேற செவுள் வழியா வெளிய போயிரும். ரெண்டு தண்ணியும் கலக்குற இடத்துல மீன் செத்து மிதக்கறதுக்குக் காரணம் பல சமயம் இதுதான், மேல இருக்கற ஆசிட் பகுதியில ஏற்கனவே மீன் கிடையாது, அதனால அங்க சாக ஒண்ணும் இருக்காது.

சும்மாபாத்தேன்:

நான் இந்த லைன் இல்ல, சும்மா படிச்சிட்டிருந்தேன். ஒரு சந்தேகம். கெட்ட தண்ணின்னா கலங்கலா, நாத்தமா இருக்கும்னுதானே நினைப்போம், இங்க கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குங்கறாரு, அது எப்படி? அப்புறம் இந்த மாதிரி ஒரு ஓடைல தண்ணி மேல எண்ணெய் படலம் மாதிரி வானவில் கலர்ல மின்னிட்டு இருந்ததைப் பாத்திருக்கேன், டீசல் எதுவும் ஒழுகுதா? கடைசியா ஒண்ணு, கோச்சுக்காதீங்க: ஆசிட்னா ரெண்டு லாரி சுண்ணாம்புக்கல்லைக் கொண்டாந்து ஓடைல கொட்டினா முடிஞ்சு போச்சே, இதுக்கு எதுக்கு ப்ராஜெக்ட்டு?

கல்லும்மண்ணும்:

முதல் ரெண்டு கேள்விக்கு நான் வரேன், மூணாவதை பம்ப்காரண்ணன் பாத்துப்பார், அவருக்கு அதுல தனிக் கோவம் உண்டு.

சுரங்க வாய்ல தெளிவா இருக்கக் காரணம், காத்து படாம கரைஞ்சு கிடக்கற இரும்புக்குக் கலரே பெருசா தெரியாது. ஆசிட் ஏறின தண்ணின்னா தெளிவுக்கு அதே அலுமினியமும் ஒரு காரணம். கலங்கல் தண்ணில படிகாரம் போட்டா மண்ணெல்லாம் கட்டியா சேந்து அடியில போகுதுல்ல, படிகாரம்ங்கறதே அலுமினியம் சல்ஃபேட் வகை உப்புதான். ஆசிட் சுரங்கத் தண்ணில அந்த வேலை தானா நடக்குது. போதாக்குறைக்கு உள்ள பாசி, நுண்ணுயிர் எல்லாம் கம்மி, கலங்க வைக்க ஆளே இல்ல. தரை வரைக்கும் தெரியற நீலத் தண்ணியைப் பாத்து எவ்வளவு சுத்தம்னு போட்டோ எடுத்துப் போடுவாங்க, எனக்கு வயித்தைக் கலக்கும்.

எண்ணெய்ப் படலத்துக்கு ஒரு குச்சி போதும். குச்சியால கிழிச்சுப் பாருங்க. கண்ணாடித் தகடு உடைஞ்ச மாதிரி கோணல் மாணலா துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நின்னா அது இரும்பு பாக்டீரியா பண்ற வேலை, டீசல் இல்ல. கிழிச்ச இடம் சுழிச்சுக்கிட்டு மறுபடி ஒண்ணா சேந்துட்டா எண்ணெய்தான், அப்ப யாரையாச்சும் கூப்பிடுங்க. கூடவே சொல்லிடறேன், ஆரஞ்சா இருக்கற எல்லா ஊத்தும் சுரங்கத்தால வந்ததும் இல்ல, சதுப்பு நிலத்துல இயற்கையாவே இரும்பு ஊத்து இருக்கும். சல்ஃபேட் பாருங்க, அது எகிறி இருந்தா சுரங்கத்து மேல சந்தேகப்படலாம்.

இப்ப ஆசிட் எங்கருந்துன்னு கேட்ட தம்பிக்கு. கரில பிரச்சனை இல்ல, கரியோட ஒட்டிக்கிட்டிருக்கற பைரைட்டுலதான் பிரச்சனை, இரும்பும் கந்தகமும் சேந்தது, காத்தும் தண்ணியும் பட்டா அந்தக் கந்தகம் ஆசிட்டாவும் சல்ஃபேட்டாவும் மாறும். தங்கம் மாதிரி மின்னற பெரிய பைரைட்டை விட, கண்ணுக்கே தெரியாம சில மைக்ரான் சைஸ்ல பொடிப்பொடி மணியா கொத்துக் கொத்தா இருக்குமே அதுதான் ஆபத்து, பரப்பு ஜாஸ்தி. பூமிக்குள்ள கோடிக்கணக்கான வருஷம் காத்து படாம சும்மா கிடந்ததை நாம தோண்டி காத்தையும் தண்ணியையும் காட்டிட்டோம். முதல்ல மெதுவாதான் போகும். பிஎச் 4க்குக் கீழ இறங்கினப்புறம் சாதாரணமா இரும்பு ஆக்சிஜனோட சேர்றது கிட்டத்தட்ட நின்னே போகணும், ஆனா அங்கதான் பாக்டீரியா உள்ள வருது. 1947ல அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா கரிச்சுரங்கத் தண்ணில இதைக் கண்டுபிடிச்சாங்க, இப்ப அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்னு பேரு. 1970ல சிங்கர், ஸ்டம்னு ரெண்டு பேர், இந்த பாக்டீரியா அந்த வேகத்தைப் பத்து லட்சம் மடங்கு ஏத்துதுன்னு காட்டினாங்க. அது உண்டாக்கற மூணாம் நிலை இரும்பு (ஆக்சிஜனேறின Fe3+) திரும்பிப் போய் பைரைட்டையே தின்னும், அந்த வேலைக்கு ஆக்சிஜன்கூட வேண்டாம். தன் வாலைத் தானே தின்னற பாம்பு மாதிரி, ஆனா பாம்பு குறையும், இது பெருகிக்கிட்டே போகும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. கரிச்சுரங்கம்னாலே ஆசிட்னு எழுதாதீங்க. இந்தியாவோட பெரும்பாலான கரி கோண்ட்வானா கரி, தாமோதர் படுகை பக்கம் இருக்கறதெல்லாம் அதுதான், கந்தகம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கம்மி. அங்க சுரங்கத் தண்ணி பொதுவா நடுநிலையாவோ லேசா காரமாவோதான் இருக்கும். அதுக்காக ஆறு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கரித்தூளு, வாஷரிச் சேறு (கரி கழுவற ஆலைலருந்து வர்றது), கடினத்தன்மை, சல்ஃபேட்டுன்னு வேற பட்டியல். மேகாலயா கரி வேற ஜாதி, கந்தகம் ஜாஸ்தி, அதனாலதான் ஜைந்தியா மலையில லூக்கா ஆறு குளிர்காலத்துல நீலமா மாறுது, கோபிலி நீர்மின் நிலையத்துல ஆசிட் தண்ணி டர்பைனையே அரிச்சுது. எலிவளைச் சுரங்கத்துக்கு (ஆள் தவழ்ந்து போய்க் கரி எடுக்கற குறுகலான குழி) 2014 ஏப்ரல்ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு, ஆனா ஏற்கனவே தோண்டி விட்ட குழி தீர்ப்பைப் படிச்சுட்டா ஆசிட்டை நிறுத்தும்?

பிஎச் நல்லா இருந்தும் ஆறு கெட்டுப் போறதுக்கு இன்னொரு உதாரணம் கனடாவுல எல்க் பள்ளத்தாக்கு. அங்க தண்ணி காரம், ஆரஞ்சும் கிடையாது வெள்ளையும் கிடையாது, ஆனா கழிவுப் பாறைலருந்து செலினியம் இறங்கிட்டே இருக்கு. அது மீன் முட்டைல போய்ச் சேரும், குஞ்சு கோணலா பிறக்கும். 2021ல அங்க சுரங்கம் நடத்தின கம்பெனிக்கு 6 கோடி கனடா டாலர் அபராதம். பிஎச் மட்டும் பாக்கறவன் அந்த ஆத்துக்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டிருப்பான்.

பழைய_பம்ப்காரன்:

சுண்ணாம்புக்கல் கேள்விக்கு வரேன். எங்களுக்கும் ஒரு பெரிய ஆபீசர் இதே யோசனையைக் குடுத்தார். கொட்டினோம். முதல் ரெண்டு வாரம் பிஎச் ஜம்முனு ஏறுச்சு, எல்லாரும் கைகுலுக்கிக்கிட்டாங்க. மூணாவது மாசம் போய் ஒரு கல்லைத் தூக்கிப் பாத்தேன், சுத்தி ஆரஞ்சுல தோல் போத்தின மாதிரி, நகத்தால சுரண்டினா உள்ள கல்லு வெள்ளையா புத்தம்புதுசா இருக்கு. கரையவே இல்ல. துருவே கல்லுக்கு கவசமா ஆயிருச்சு. தண்ணி பாட்டுக்கு மேல ஓடிட்டிருக்கு, கல்லு பாட்டுக்கு கீழ தூங்கிட்டிருக்கு.

அதனால சுண்ணாம்புக்கல்லை வைக்கறதா இருந்தா காத்து படாம மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கணும், இரும்பு துருவாகறதுக்கு முன்னாடியே தண்ணி அதுக்குள்ள போயி ஆல்கலினிட்டியை ஏத்திக்கிட்டு வெளிய வரணும், அதுக்கப்புறம் படிக்கட்டு மாதிரி தண்ணியை விழ வச்சு காத்து குடுத்து, குட்டைல துருவைப் படிய விட்டு, கோரை வளந்த சதுப்புல கடைசியா வடிய விடணும். ஆனா இதுக்குத் தண்ணில ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கம்மியா இருக்கணும், மூணாம் நிலை இரும்பும் அலுமினியமும் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது, இருந்தா உள்ளயே அடைச்சுக்கும், தோண்டி எடுக்கறதுக்குள்ள பிராணன் போயிரும். தம்பி, உன் சுரங்க வாய்த் தண்ணி இதுக்கு ஒத்து வர்ற மாதிரி தெரியுது, அடுத்த தடவை ஆக்சிஜனும் அலுமினியமும் பாரு.

ஒத்து வரலன்னா நீத்த சுண்ணாம்பை மிஷின் வச்சுக் கலக்கறதுதான் வழி. அது கேட்கும், ஆனா கரண்டு, ஆளு, சுண்ணாம்பு, அதை விடப் பெரிசு சேறு. கூழு மாதிரி சேறு, நூத்துல ரெண்டு மூணு பங்குதான் திடப்பொருள், மீதி எல்லாம் தண்ணி. எங்க வேலைல பாதி ஆத்தைக் காப்பாத்தறது இல்ல, சேத்தை எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு இடம் தேடறதுதான்.

சுரங்கம் ஓடிட்டு இருக்கும்போது இந்தத் தொல்லை பெருசா தெரியாது, பம்ப் போட்டு எடுத்துக்கிட்டே இருப்பாங்க. மூடினதும் பம்பை நிறுத்துவாங்க, தண்ணி மெதுவா ஏறும், வருஷக்கணக்குல சுவத்துல காய்ஞ்சு கிடந்த உப்பெல்லாம் கரைச்சுக்கிட்டு ஒரு நாள் எங்கயோ ஒரு ஓட்டை வழியா வெளிய வரும். அந்த முதல் தண்ணிதான் ரொம்ப மோசம், அப்புறம் பல வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஆனா நிக்காது. பென்சில்வேனியாவுல 1959ல நாக்ஸ் சுரங்கத்துல ஆறே உடைச்சுக்கிட்டு உள்ள போயி 12 பேர் செத்தாங்க, அதோட அந்தப் பகுதி ஆழ்சுரங்கத் தொழிலே படுத்துருச்சு. நிரம்பின சுரங்கத் தண்ணி வீடுகளோட அடித்தளத்துல ஏற ஆரம்பிச்சதும் 1962ல ஓல்டு ஃபோர்ஜ்னு ஒரு இடத்துல துளை போட்டு லாக்கவானா ஆத்துல திறந்து விட்டாங்க. இன்னைக்கும் ஆரஞ்சா கொட்டிக்கிட்டு இருக்கு, கரி எடுத்த கம்பெனிகள்ல பெரும்பாலானது இப்ப இல்ல. 1977ல அமெரிக்காவுல சட்டம் போட்டு, தோண்டற ஒவ்வொரு டன் கரிக்கும் காசு வசூல் பண்ணி பழைய சுரங்கத்துக்குச் செலவு பண்றாங்க. பிரிட்டன்ல அரசாங்கமே 75க்கு மேல சுத்திகரிப்பு நிலையம் நடத்துது, பல இடத்துல நான் சொன்ன அதே படிக்கட்டு, குட்டை, நாணல் படுகைதான்.

நீர்க்குமிழி22:

(மூணு வாரம் கழிச்சு எழுதறேன், ஸாரி)

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. திரும்பவும் போனேன், அக்கா சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டு பாட்டில், ஒண்ணுல ஆசிட், ஒண்ணு ததும்பத் ததும்ப நிரப்பி ஐஸ் பெட்டில. மேல பட்டை போட்டு எழுதியே ஒட்டிட்டேன், மாத்திடக் கூடாதுன்னு.

சுரங்க வாய்ல இந்தத் தடவையும் பிஎச் 6.2. ஆக்சிஜன் 0.6 (எல்லா நம்பரும் லிட்டருக்கு மில்லிகிராம்). ஆல்கலினிட்டி அங்கயே டைட்ரேட் பண்ணேன், 60. ஆசிட் விட்ட பாட்டில்ல இரும்பு 90 (போன தடவை 38!), மாங்கனீஸ் 4, அலுமினியம் 0.1க்கும் கம்மி. அண்ணன் சொன்ன கணக்குப்படி இரும்புக்கு 161, மாங்கனீஸுக்கு 7, மொத்தம் 168, அதுல 60 போனா மிச்சக் கடன் 108. அதாவது 90ல 33, 34 மில்லிகிராம் இரும்பு விழறதுக்குள்ளயே ஆல்கலினிட்டி காலி, அதுக்கு மேல விழற ஒவ்வொரு மில்லிகிராமும் நேரா பிஎச்சைக் கீழ இழுக்குது.

வேணும்னே இன்னொரு அரை பாட்டில் எடுத்துட்டு வந்து மேசை மேல வச்சு தினமும் பிஎச் பாத்தேன். முதல் நாள் 6.2, பாத்துக்கிட்டே இருக்கறப்ப ஒரு மணி நேரத்துலயே புகை மாதிரி மஞ்சளாச்சு, அப்புறம் சரசரன்னு இறங்கி 4 பக்கம் வந்து மந்தமாச்சு, நின்னுருச்சோன்னு நினைச்சேன், திரும்பவும் இறங்க ஆரம்பிச்சு ஒன்பதாம் நாள் 3.3. அந்த ரெண்டாவது இறக்கம் பாக்டீரியாவான்னு கேக்கணும்.

ஓடையோட அளவு வினாடிக்கு 10 லிட்டர் வருது, அப்படின்னா ஒரு நாளைக்கு 78 கிலோ இரும்பு, துருவா கணக்குப் போட்டா காய்ஞ்ச எடை 150 கிலோ. தினம் மூணு சிமெண்ட் மூட்டை எடை துருவை ஆத்துல கொட்டற மாதிரி, யாரும் இல்லாத இடத்துல, ராத்திரி பகலா. கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன்.

ஓடைல ஒரு கல்லைப் புரட்டிப் பாத்தேன். சுரங்க வாய்க்கு மேல, வேற பக்கத்துலருந்து வர்ற நல்ல ஓடைல ஒரு கல்லைப் புரட்டினா மேஃப்ளை குஞ்சு, கூடு கட்டின புழு, நத்தைன்னு ஒரே கூட்டம், வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடுது. ஆரஞ்சு பகுதில பத்து கல்லு புரட்டினேன், ரெண்டு சின்ன சிவப்புப் புழு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சந்தெல்லாம் துருக்கூழ் அடைச்சுக்கிடக்கு, முட்டை போடவோ ஒளிஞ்சுக்கவோ இடமே இல்ல.

கைட் சார்கிட்ட மேசை பாட்டில் கிராஃபைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். "சரி, ஃபீல்டு ரீடிங்கைத் திரும்பப் போடு"ன்னார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும்.

கல்லும்மண்ணும்:

அந்த ரெண்டாவது இறக்கம் பாக்டீரியாவா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. நிச்சயமா தெரியணும்னா ஒரு பாட்டிலை 0.2 மைக்ரான்ல வடிகட்டி வச்சுப் பாரு, பாக்டீரியா மேலயே தங்கிரும், வடிகட்டினது 4 பக்கம் வந்து அங்கயே நின்னு, வடிகட்டாதது இறங்கினா விடை கிடைச்சாச்சு.

சல்ஃபேட் எடுத்தியா? அதைச் சொல்லவே இல்லயே. இரும்பு பாதி வழில விழுந்துரும், பிஎச் ஏறும் இறங்கும், ஆனா சல்ஃபேட் பெரும்பாலும் கரைஞ்சபடியே கூட வரும். ஆத்துல கலந்தப்புறம் சல்ஃபேட் பாதியாச்சுன்னா நல்ல தண்ணி பாதிக்குப் பாதி கலந்திருக்குன்னு அர்த்தம், இரும்பு மட்டும் பாதிக்கு ரொம்பக் கீழ போயிருந்தா அந்த வித்தியாசம் அத்தனையும் ஆத்துப் படுகைல உக்காந்திருக்கு. ஓடை கலக்கறதுக்கு மேல ஆத்துலயும் சல்ஃபேட் எடுத்துக்கோ, அப்பதான் கணக்கு நிக்கும். மண்மேட்டுலருந்து தனியா ஊத்து ஏதாச்சும் இறங்குதான்னும் பாத்துரு, அது குழப்பி விட்டுரும்.

வேதா_லேப்:

இன்னொண்ணு, ஒன்றரை கிலோமீட்டர் பாயிண்ட்ல அசிடிட்டி பாக்கும்போது பெராக்சைடு விட்டுக் கொதிக்க வச்சு டைட்ரேட் பண்ணச் சொல்லுங்க லேப்ல. சும்மா பச்சையா பண்ணா கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடும் கணக்குல சேந்துரும், மிச்ச இரும்பும் முழுசா விழாது. நாங்க கேட்டாதான் பண்ணுவோம், கேக்கலன்னா சாதா முறைதான், அதையும் இங்கயே சொல்லிட்டேன் 😀

சும்மாபாத்தேன்:

அந்த வானவில் ஓடைக்கு நேத்து குச்சியோட போயிட்டு வந்தேன். தகடு தகடாதான் உடைஞ்சுது.